முழுதாக ஒரு நிமிடம்

வகுப்பில் மொத்தம் முப்பத்தொரு பேர். முப்பது பேருக்கு வயது இருபதைத் தாண்டவில்லை. ஒருத்திக்கு மட்டும் நாற்பத்து மூன்று. அதனால் சேர்ந்த முதல் நாளே அவளுடைய பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட, எல்லோருக்கும் அவள் அக்கா ஆகிப்போனாள். நாமும் அக்கா என்றே சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா பதினாறு வருடம் ஆடை கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருந்தவள். தைத்து வரும் சட்டையை உள்பக்கமாகப் புரட்டி, ஓரத்தில் இரண்டு விரலை ஓட்டுவாள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் விரல் அங்கேயே நின்றுவிடும். கண் அதற்குப் பிறகுதான் போய்ப் பார்க்கும். கம்பெனியை மூடியபோது வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள், ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை. உதவிச் செவிலியருக்கான ஒரு வருடப் படிப்பில் சேர்ந்தாள். முதல் பாடமே மனித உடற்கூறும் உடலியங்கியலும். உடம்பிலுள்ள இருநூற்று ஆறு எலும்பில் பாதிக்கு மேல் கையிலும் காலிலும்தான் இருக்கிறது என்று படித்த அன்று வீட்டுக்குப் போய், "இத்தனை வருஷமா எனக்கு ஏன் கைகால் வலிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். மகள் சிரித்தாள். கணவர் செய்தித்தாளை விட்டுத் தலையை எடுக்காமலே, "நல்லவேளை, எனக்கு ஸ்டியரிங் பிடிக்கிற எலும்பு மட்டும் போதும்" என்றார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர்.

பாடம் எடுத்த ஆசிரியைக்கு இருபத்தாறு வயது. பையில் எப்போதும் பிளாஸ்டிக் தொடை எலும்பு ஒன்று இருக்கும். ஜிப் மூடாமல் அதன் குமிழ் வெளியே எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் வைத்த பெயர் எலும்பு மிஸ். அது அவளுக்கும் தெரியும். கண்டுகொள்ளமாட்டாள்.

ஐந்தாவது வாரம் இதயம் வந்தது. மிஸ் நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைக்க வேண்டும். கட்டைவிரலை வைக்கக் கூடாது, அதற்கே தனியாகத் துடிப்பு உண்டு, தன் துடிப்பையே எண்ணிவிட்டு நோயாளியின் கணக்கில் எழுதிவிடுவோம். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவதும் கூடாது. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். வீட்டில் இரண்டு பேருக்கு, காலையும் மாலையும், ஏழு நாள். ஒரு கட்டத்தில் எண்ணிக்கை. பக்கத்துக் கட்டத்தில், துடிப்பு சீராக இருக்கிறதா இல்லையா என்று குறிக்க வேண்டும்.

மறுநாள் காலை மகளைப் பிடித்து உட்கார வைத்தாள் அக்கா. மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருந்தாள். ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்தபடி இன்னொரு கையை நீட்டினாள். எழுபத்தாறு. கடிகாரத்தோடு பந்தயம் கட்டியது போல ஒரே சீர்.

அடுத்து கணவர். தேநீர் குடித்து முடித்து, சட்டை போடாமல் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தார். "கையைக் கொடுங்க" என்று வாங்கி விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒன்றுமில்லை. அடுத்தது வர வேண்டிய இடம் காலியாகப் போனது. அப்புறம் இரண்டு துடிப்பு முண்டியடித்துக்கொண்டு வந்தன. ஒன்று பலமாக, இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. நாலைந்து வேகமாக ஓடின. மறுபடி காலி. நிமிடம் முடிந்தபோது நூற்று நாலு என்று நின்றது. தப்பாக எண்ணிவிட்டோம் என்று திரும்ப எண்ணினாள். தொண்ணூற்றிரண்டு.

"என்ன டாக்டரம்மா, உயிரோட இருக்கேனா?"

"சும்மா இருங்க. பேசினா எண்ண முடியாது."

"மூணாவது தடவை எண்ணினா என் பஸ்ஸை வேற ஆள் எடுத்துட்டுப் போயிடுவான்." கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

சாயங்காலம் எண்பத்தெட்டு. மறுநாள் நூற்றுப் பத்து. ஒரு நாள் வலது கையில் பார்த்தாள், ஒரு நாள் இடது கையில். ஒரு நாள் படுக்க வைத்து, பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு எண்ணினாள். எண் மாறியதே தவிர அந்த ஓட்டம் மாறவில்லை. தன் விரலில்தான் கோளாறு என்று நினைத்தாள். நினைக்கத்தான் முடிந்தது, நம்ப முடியவில்லை. பதினாறு வருடம் சோறு போட்ட விரல் அது. கடைசியில் மகளைக் கூப்பிட்டு, "நீ ஒருவாட்டி அப்பாவுக்கு எண்ணு" என்றாள். மகள் அரை நிமிடம் எண்ணிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, கையை ஆட்டாதீங்க. விட்டு விட்டு வருது."

"நான் எங்க ஆட்டினேன்?"

அவர் ஆட்டவில்லை. அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தாளைக் கொடுக்க வேண்டிய நாளில், கேன்டீனில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் ஏழு நாள் கணக்கையும் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டு, எழுபத்து நாலு, எழுபத்திரண்டு. ஒருத்தி அக்காவின் தாளை எட்டிப் பார்த்து, "அக்கா, மாமா மாரத்தான் ஓடிட்டே கையைக் கொடுத்தாரா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது. கணவர் பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே, 'ஓய்வில் வைத்து மறுபடி எடுக்கவும்.' சீரற்றது என்று பதினான்கு கட்டத்திலும் குறித்திருந்ததற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய்ப் பாடப்புத்தகத்தை விரித்தாள். வகுப்பில் படித்த பகுதிதான். வலது மேலறையின் சுவரில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. இதயத்துக்குத் தாளம் சொல்வது அதுதான். அது சொன்னதும் மேலறை இரண்டும் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும். ஒரு நொடிக்கும் குறைந்த இடைவெளியில் கீழறை சுருங்கி உடம்பெல்லாம் அனுப்பும். அதுவரை அவளுக்கு மனப்பாடம். பாடத்தின் கடைசியில், சிறிய எழுத்தில், வகுப்பில் நடத்தாத ஒரு பத்தி இருந்தது. சிலருக்கு மேலறை அந்த ஒற்றைக் கட்டளையை விட்டு, நூறு இடத்திலிருந்து வரும் கட்டளைக்கு ஆட்பட்டு, சுருங்காமல் வெறுமனே நடுங்கும். நாடி எந்தக் கணக்கிலும் அடங்காமல் தாறுமாறாக வரும். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறையலாம். உறைந்த கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம்.

அக்கா அந்தப் பத்தியை நாலு முறை படித்தாள். காதுக்குள் தன் துடிப்பே கேட்டது. அனிச்சையாகத் தன் மணிக்கட்டில் விரலை வைத்தாள். நூற்றுப் பதினெட்டு. ஆனால் சீராக இருந்தது. பயத்தில் ஓடும் நாடிகூட ஒழுங்காக ஓடுகிறது என்பது அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அன்றிலிருந்து கணவரை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். வீடு இரண்டாவது மாடியில். முன்பெல்லாம் பையை வீசிக்கொண்டு ஏறி வருவார். இப்போது முதல் மாடித் திருப்பத்தில் நின்று கைபேசியை எடுத்துப் பார்க்கிறார். திரை இருட்டாக இருக்கிறது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று. நன்றாகத்தான் சாப்பிடுகிறார், போட்டதற்கு மேல் கேட்டு வாங்கியே சாப்பிடுகிறார், ஆனால் கழுத்தெலும்பு தெரிகிறது. எல்லோரும் போர்வை தேடும் நாளிலும் அவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மகள் ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டதற்கு, வீடே இடிந்தது போலச் சத்தம் போட்டார். இதெல்லாம் அவள் கண்முன்னேதான் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லித் தள்ளிவிட்டிருந்தாள்.

"ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க" என்றாள், சாப்பாடு போட்டுக்கொண்டே.

"எதுக்கு?"

"நாடி சரியா இல்ல."

"உன் மிஸ்ஸே உனக்கு எண்ணத் தெரியலன்னு சிவப்புல எழுதிக் கொடுத்திருக்காங்க. தாளை நானும்தான் பாத்தேன்." சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவர் முடிக்கும்போது சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் டிப்போல மெடிக்கல் இருக்கு. எல்லாருக்கும் பாப்பாங்க. அப்ப பாத்துக்கலாம். அதுக்கு முன்னால நீயா ஏதாவது கிளப்பி விடாத."

"கிளப்பி விடுறதா? நான் என்ன..."

"போதும். சோத்தைப் போடு."

அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் ஒன்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தெரியாதவர் இப்படிக் கோபப்படமாட்டார். இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை அவர் ஐந்து மணிக்கே வேலைக்குப் போனார். அக்கா வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். மிஸ் நுரையீரலைப் பற்றிச் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அது எந்தத் திசையில் போகிறது என்று கழுத்து தானாகத் திரும்பியது. முதல் பாடம் முடிந்து எல்லோரும் இடைவேளைக்கு எழுந்து போன பிறகு மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மிஸ், என் வீட்டுக்காரர் நாடி."

"மறுபடி எடுத்தீங்களா அக்கா?"

"எடுத்தேன். எண்ணிக்கையை விடுங்க மிஸ். அது எப்படி வருதுன்னு தட்டிக் காட்டுறேன், கேளுங்க."

மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அன்று விடிகாலை அவர் தூங்கும்போது விரலில் ஏறியிருந்த ஓட்டத்தை அப்படியே மேசைமேல் தட்டினாள். டக், டக் டக், நிறுத்தம், டக் டக் டக் டக், நீண்ட நிறுத்தம், டக். மிஸ் முதலில் தலையை ஆட்டித் தாளம் பிடிக்கப் பார்த்தாள். பிடிபடவில்லை. விரலை மடக்கி எண்ணினாள். அதுவும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை ஆட்டுவது நின்றுபோய், பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவுமே இப்படியா? நடுவுல ஒழுங்கா வந்துட்டுப் போகலயா?"

"ஏழு நாளும் இப்படித்தான்."

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் அந்தத் தாளைப் பாத்ததும் நீங்க எண்ணத் தடுமாறியிருப்பீங்கன்னு நினைச்சுட்டேன்" என்றாள். பிறகு தணிந்த குரலில், "உண்மையைச் சொல்லணும்னா அக்கா, இதை நான் படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதியிருக்கேன். கையில தொட்டுப் பாத்ததில்ல. நீங்க தொட்டிருக்கீங்க." பேனாவை அக்காவின் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "அவர் என்ன வேலை பாக்குறார்?"

"பஸ் ஓட்டுறார்."

"இப்பவா?"

"ஆமா, இப்பவேதான்."

"கூட்டிட்டுப் போங்க அக்கா. தள்ளிப் போடாதீங்க. இன்னைக்கே."

ஓட்டும்போது கைபேசியை அணைத்து வைப்பது டிப்போ விதி. மூன்று முறை அடித்தாள், மூன்று முறையும் அணைந்தே கிடந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையோர நிறுத்தத்துக்கு ஓடினாள். அவருடைய தடம் பதினேழு. பதினேழு வந்தது, வேறு ஒருவர் ஓட்டினார். இன்னொரு பதினேழு வந்தது, அதிலும் அவர் இல்லை. நாற்பது நிமிடம் நின்றாள். ஒவ்வொரு பேருந்தும் தூரத்தில் தெரியும்போது, நேராக வருகிறதா, ஓரம் தட்டுகிறதா என்று பார்த்தாள். மூன்றாவது பதினேழில் அவர் இருந்தார்.

ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. ஓடும்போது ஓட்டுநரிடம் பேச வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த எழுத்துக்கு மேலே அவருடைய கழுத்து தெரிந்தது. சட்டைக் காலருக்கும் காதுக்கும் நடுவில் ஓர் இடம் துடித்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எண்ணவில்லை, எண்ண ஒன்றுமில்லை. இரண்டாவது நிறுத்தத்தில் உள்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தவர் அவளைப் பார்த்துவிட்டார். அந்த நேரத்தில் அவள் வகுப்பில் இருக்க வேண்டியவள். அவர் கண்ணைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.

வண்டி நிரம்பிக்கொண்டே வந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். பள்ளிச் சீருடையில் பத்துப் பன்னிரண்டு பேர். ஊன்றுகோலோடு ஒருவர். எழுந்து நின்று நிறுத்தச் சொல்லிக் கத்தலாமா என்று தோன்றியது. என்ன சொல்லிக் கத்துவது? நான் ஆறு வாரம் படித்திருக்கிறேன், இவர் நாடி சரியில்லை என்றா? வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பைத்தியக்காரி பேச்சு போல இருந்தது.

ஒரு பெரிய நாற்சந்தியில் சிவப்பு விழுந்து வண்டி நின்றது. பிறகு பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை.

பக்கத்து வண்டிகள் போயின. பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. தலை ஒரு விரற்கடை முன்னால் தாழ்ந்திருந்தது. அக்கா எழுந்துவிட்டாள். கை தடுப்புக் கண்ணாடியைத் தட்டப் போனது. அதற்குள் அவர் தலையை நிமிர்த்தி, கியரைப் போட்டு, வண்டியை எடுத்தார். யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருவர் மட்டும், "தூங்கிட்டாரு போல" என்றார். அக்கா உட்காராமல் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். மீதி ஏழு நிறுத்தமும் அவர் முன்பில்லாத நிதானத்தோடு ஓட்டினார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"கிளாஸ் இல்லயா?"

"இருக்கு."

"இன்னும் நாலு டிரிப் இருக்கு. நாலும் கூடவே வரப்போறியா?"

"சிக்னல்ல என்ன ஆச்சு?"

அவர் ஹேண்ட்பிரேக்கை இன்னொருமுறை இழுத்துவிட்டார்.

"என்கிட்ட சொல்லுங்க. பச்சை விழுந்து வண்டி எடுக்கல. என்ன ஆச்சு?"

"கண்ணு இருட்டுச்சு" என்றார். "ரெண்டு செகண்டு. அவ்வளவுதான்."

சொன்ன பிறகு, அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்பது போல அவளைப் பார்த்தார். வண்டி காலியாக இருந்தது. யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில் ஒன்று தரையில் கிடந்தது.

"ரெண்டு மாசமா இருக்கு" என்றார். "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி. வரும், போகும். கண்ணு இருட்டுனது இன்னைக்குத்தான் முதல்."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா சீட்டை விட்டு இறக்கிடுவாங்க. இறக்கினா மறுபடி ஏத்தமாட்டாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன். இருபத்திரண்டு வருஷம் இந்த சீட்டுல இருந்துட்டு, டிப்போ மூலையில உக்காந்து தொலைஞ்ச குடைக்கு நம்பர் எழுதச் சொல்றியா?"

ஏற்றுவார்கள் என்று சொல்ல அக்காவுக்குத் தெரியாது. ஏற்றாவிட்டால் பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை, அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதனால் குனிந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். அவர் முன்கண்ணாடி வழியே பார்த்தார். அடுத்த டிரிப்புக்கு ஏற, படியருகே ஆள் சேர ஆரம்பித்திருந்தது. சீருடைப் பையன் ஒருவன் கதவைத் தட்டினான். அவர் கதவைத் திறக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு தன் பக்கக் கதவு வழியாக இறங்கி, டைம் கீப்பரின் ஜன்னலுக்கு நடந்தார்.

அக்கா பின்னால் போனாள். அவர் சாவியை ஜன்னல் பலகைமேல் வைத்து, "எனக்கு உடம்பு சரியில்ல. வண்டி எடுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போறேன், வேற ஆளைப் போட்டுக்கங்க" என்று சொன்னது அவளுக்குக் கேட்டது. டைம் கீப்பர், "இந்த நேரத்துல ஆளுக்கு நான் எங்கண்ணே போவேன்" என்று அலுத்துக்கொண்டார். கணவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மார்பில் ஆறும் கைகாலில் நாலுமாக ஒயர் மாட்டினார்கள். இயந்திரம் நீளமாகத் தாளைத் துப்பியது. டெக்னீஷியன் அதைக் கிழிக்கும்போது அக்கா எட்டிப் பார்த்தாள். புத்தகத்தில் இருந்த படத்தில் ஒவ்வொரு பெரிய முள்ளுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கும், மேலறை சுருங்குவதன் அடையாளம். இந்தத் தாளில் மேடு எங்குமே இல்லை. அந்த இடத்தில் நடுங்கும் கோடு மட்டும். முட்களுக்கு நடுவே இருந்த தூரம் ஒன்றுபோல் ஒன்று இல்லை. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தான் எண்ணியது சரி. தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

டாக்டர் தாளைப் பார்த்தார். பிறகு தாளை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். விரல் நுனிகள் லேசாக நடுங்கின. எடை குறைந்ததா, வியர்க்கிறதா, கோபம் வருகிறதா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்குக் கணவர், "இல்ல" என்றார். அக்கா டாக்டரைப் பார்த்தாள். டாக்டருக்குப் புரிந்தது. பின்னால் வந்து நின்று, விரல்களைக் கழுத்தின் முன்பக்கத்தில் வைத்து, தண்ணீர் குடித்து விழுங்கச் சொன்னார்.

"தைராய்டு கொஞ்சம் பெருத்திருக்கு" என்றார். "ரத்தம் பாத்தா உறுதியாயிடும். அது அதிகமா சுரந்தா உடம்பே வேகமா ஓடும். இதயத்தையும் விரட்டும். விரட்ட விரட்ட மேலறை தாளம் தப்பிடும்."

"கழுத்துல இருக்கிறது நெஞ்சைப் போட்டு ஆட்டுதா?" என்றார் கணவர்.

"ஆட்டும். முன்னாடியே யாரும் கவனிக்கலயா?"

"இவ எண்ணினா. நான்தான் கேக்கல." அக்காவைக் காட்டினார். "நர்ஸுக்குப் படிக்குறா. கழுத்தைப் பத்தி மட்டும் சொல்லவே இல்ல."

"அந்தப் பாடம் இன்னும் நடத்தல" என்றாள் அக்கா. டாக்டர் சிரித்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் நிரம்பியது. இதயத்துக்குள் ரத்தக்கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யக் கூட்டிப்போனார்கள். அந்த அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அவள் பிற்பாடு யாரிடமும் விவரித்ததில்லை. கட்டி இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒன்று, சுரப்பை அடக்க ஒன்று. மருத்துவக் குழு சரியென்று சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று ஒரு கடிதம்.

கடிதத்தைக் கொண்டுபோய் டிப்போவில் கொடுத்தது அவர்தான். பயந்த மாதிரியே தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு பதினோரு நாள் அவர் அக்காவிடம் நேராகப் பேசவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு, மாத்திரை போட்டாச்சுன்னு." "உங்கம்மாகிட்ட கேளு, என் கண்ணாடி எங்கன்னு." அம்மா இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். மகள் நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்க, நான் என்ன தபால்காரியா" என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்ப் படித்தாள்.

கோபம் தன்மேல் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது. பன்னிரண்டாம் நாள், மாடிப்படியில் அவர் கையைப் பிடித்தபடி ஏறும்போது விரல் தன்னையறியாமல் மணிக்கட்டுக்கு நகர்ந்திருக்கிறது. அவர் நின்றுவிட்டார்.

"கையைப் பிடிச்சா பிடி. எண்ணாத."

"எண்ணல."

"உதடு அசையுது."

பதினோரு நாளுக்குப் பிறகு நேராக அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அக்கா விரலை எடுத்து உள்ளங்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இதற்கிடையில் எலும்பு மிஸ் அக்காவைக் கூப்பிட்டு, அந்தத் தாளைத் திரும்ப வாங்கிச் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு மதிப்பெண் போட்டாள். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால், தான் அவசரப்பட்டுத் திருத்தியதைச் சொன்னாள். பிறகு மற்ற முப்பது தாளையும் திருப்பிக் கொடுத்து, ஏழு நாள் மறுபடி எடுத்து வரச் சொன்னாள். அக்காவை அந்த வாரம் முழுக்க யாரும் அன்பாகப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் எடை ஏறியது. ஜன்னலை அவரே சாத்தச் சொன்னார். நாலாம் மாத ஈசிஜியில் முட்களுக்கு முன்னால் அந்தச் சின்ன மேடு வந்திருந்தது. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள். தாளில் தட்டுப்பட என்ன இருக்கிறது, ஆனாலும் தடவினாள். மருத்துவக் குழு இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னது. மறுபடி திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம், மாத்திரையை விடக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று எழுதி, ஐந்தாம் மாதம் ஒப்புதல் கொடுத்தது. பகல் நேர டிரிப் மட்டும்.

முதல் நாள் அவர் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கூட வருவதாக அக்கா சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. படியில் இறங்கும் சத்தம் நிற்காமல் கீழே போய்ச் சேர்கிறதா என்று கதவருகே நின்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அன்று சிறுநீரகம். மூன்று பக்கம் எழுதினாள். எழுதியதில் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. ஒரு மணிக்குக் கைபேசி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சாப்பிட்டியா?" என்றார் அவர்.

பின்னால் டிப்போ இரைச்சலும் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன.

"சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கைபேசியை வைத்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.